கோலாலம்பூர், பினாங்கில் படிக்க வருகிறவர்களுக்கு: ஏறுமுன்னும் இறங்கிய பின்னும்

இங்கே படிக்க வரும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஸ்டூடண்ட் பாஸ், அதாவது மலேசியாவில் தங்கிப் படிப்பதற்கான அனுமதி, விஷயத்தில்தான். பாஸ் உங்கள் பெயரில் இருந்தாலும் அது கல்லூரியோடு கட்டிப்போட்டது. விண்ணப்பம், புதுப்பிப்பு, ரத்து எல்லாமே கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் வழியாகத்தான் நடக்கும். ஊரில் கமிஷன் வாங்கிய ஏஜென்ட்டுக்கு அதில் ஒரு கையும் கிடையாது. ஆகவே அந்த அலுவலகத்தின் மின்னஞ்சலைப் பணம் கட்டுவதற்கு முன்பே வாங்கி, ஒரு கேள்வியாவது நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு விரைவாக, எவ்வளவு தெளிவாகப் பதில் வருகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்து, படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். எம்.க்யூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் இணையப் பதிவேடு எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. கல்லூரிப் பெயரைத் தேடிவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். நீங்கள் சேரப்போகும் பட்டத்தின் பெயர் கல்லூரி தந்த சேர்க்கைக் கடிதத்தில் (ஆஃபர் லெட்டர்) உள்ளபடியே அதில் இருக்க வேண்டும். தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்பதையும் பாருங்கள். எந்த வளாகம் என்றும் கேளுங்கள். அறிவியல் பல்கலைக்கழகமான யூ.எஸ்.எம். என்றதும் பினாங்குத் தீவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதன் பொறியியல் வளாகம் பெருநிலத்தில் நிபோங் திபாலில் இருக்கிறது; மருத்துவ வளாகம் கிளந்தானில் குபாங் கெரியானில்.

இனி பாஸ். வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கையாளும் இ.எம்.ஜி.எஸ். நிறுவனத்தின் தளத்தில் கல்லூரி உங்கள் ஆவணங்களை ஏற்றும். அவர்கள் பார்த்த பிறகு குடிநுழைவுத் துறைக்குப் போகும். அங்கே ஒப்புக்கொண்டால் வி.ஏ.எல். எனும் அனுமதிக் கடிதம் வரும். தாமதத்துக்கு வழக்கமான காரணம் மிகச் சின்னது: கடப்பிதழ் ஸ்கேன். எழுத்துள்ள பக்கங்களை மட்டும் அனுப்புகிறார்கள். வெற்றுப் பக்கங்கள் உட்பட அட்டை முதல் அட்டை வரை எல்லாப் பக்கமும் வேண்டும்; பக்க எண் ஓரத்தில் வெட்டுப்படக் கூடாது. கைபேசியில் விரல் தெரியப் பிடித்த படம் திரும்பி வரும், அதோடு சில வாரமும் போகும். புகைப்படத்துக்கு வெள்ளைப் பின்னணிதான். ஊர் ஸ்டுடியோவின் நீலப் பின்னணி ஆகாது.

இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லா நுழைவு இருப்பதால், “முதலில் வந்துவிடு, இங்கேயே மாற்றிக்கொள்ளலாம்” என்று சொல்லும் ஏஜென்ட்கள் உண்டு. தயவுசெய்து நம்பாதீர்கள். அது சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு. புது மாணவரின் விண்ணப்பம் நடக்கும்போது அவர் நாட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். வி.ஏ.எல். கையில் இல்லாமல் டிக்கெட் எடுக்காதீர்கள். எடுத்த பிறகு விமான எண்ணையும் இறங்கும் நேரத்தையும் கல்லூரிக்கு எழுதிவிடுங்கள், அவர்கள் ஆள் விமான நிலையத்துக்கு வருவார். எம்.டி.ஏ.சி. எனும் மின்னிலக்க வருகை அட்டையை இறங்குவதற்கு முந்திய 3 நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்புங்கள். அதற்குக் கட்டணமே இல்லை. பணம் கேட்கும் தளம் போலி.

வந்த 7 நாளுக்குள் இ.எம்.ஜி.எஸ். பட்டியலில் உள்ள கிளினிக்கில் மருத்துவப் பரிசோதனை. நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர். சிறுநீரில் போதைப்பொருளும் பார்ப்பார்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தால் வீண் சிக்கல், எனவே எந்த மருந்து சாப்பிட்டாலும் டாக்டர் சீட்டோடு போய் முன்கூட்டியே சொல்லுங்கள். இது முடிந்தபின்தான் பாஸ் கிடைக்கும். அதுவரை கடப்பிதழ் கல்லூரியிடம் இருக்குமானால், அப்படி இருப்பதாக ஒரு கடிதம் வாங்கி, கடப்பிதழின் நகலோடு எப்போதும் பையில் வையுங்கள். சாலையில் போலீஸ் கேட்டால் காட்ட அதுதான் இருக்கிறது.

பாஸைப் புதுப்பிக்க வகுப்பு வருகை 80 விழுக்காடு, சி.ஜி.பி.ஏ. எனும் மொத்தத் தேர்ச்சிச் சராசரி 2.0 வேண்டும். வருகைதான் பலரைக் கவிழ்க்கிறது. காய்ச்சலென்றால் அன்றே கிளினிக்கில் எம்.சி. எனும் மருத்துவச் சான்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். காலாவதிக்கு 3 மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள்.

பகுதிநேர வேலையை நம்பிச் செலவுக் கணக்கு போடாதீர்கள். 7 நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, அதுவும் கல்லூரி வழியாகக் குடிநுழைவுத் துறையிடம் அனுமதி வாங்கிய பிறகு. உணவகம், பெட்ரோல் நிலையம், மினி மார்க்கெட், ஹோட்டல் இவைதான். கல்லாவில் உட்காரக் கூடாது. கோலாலம்பூரில் இந்தியர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் நம்மவர் கடையில் “சும்மா மாலையில் வாப்பா” என்று பாசமாகக் கூப்பிட்டாலும், சோதனை வந்தால் பாஸ் போவது உங்களுக்குத்தான்.

அறை எடுக்கும்போது முதல் மாதம் எவ்வளவு கையை விட்டுப் போகும் என்று பலர் யோசிப்பதில்லை. இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்போம். மாதம் 700 வெள்ளி அறை என்றால் வழக்கமாக 2 மாத டெபாசிட் 1,400, தண்ணீர் கரண்டுக்கு அரை மாதம் 350, முன்வாடகை 700, ஆக 2,450 வெள்ளி. அறையைப் பார்க்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். வாடகைக்கு விடுகிறவர் உரிமையாளரா, அல்லது அவரே வாடகைக்கு இருந்துகொண்டு உள்வாடகைக்கு விடுகிறாரா என்று கேளுங்கள். உள்வாடகை என்றால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். ஒப்பந்தத்தை வருமானவரி வாரியத்தில் முத்திரையிடச் சொல்லுங்கள். சாவி வாங்கிய அன்றே மீட்டர் எண், மெத்தைக் கறை, ஏர்கான் ரிமோட், குளியலறைக் குழாய் எல்லாவற்றையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்புங்கள். காலி செய்யும் நாளில் டெபாசிட்டைக் காப்பாற்றுவது அந்தத் தேதியிட்ட படங்கள்தான். ஏர்கான் கரண்டு வாடகைக்குள்ளா, தனியா என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.

கோலாலம்பூரில் 50 வெள்ளி மாதப் பயண அட்டை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். முன்பணம் ஏற்றிப் பயன்படுத்தும் டச் அண்ட் கோ அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு எல்.ஆர்.டி. எனும் நகர ரயிலில் யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கி டி789 பஸ் பிடிக்க வேண்டும். நிலையப் பெயரைப் பார்த்து நடந்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள்.

இனி பினாங்குக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்சம்.

கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். எனும் மின்சார விரைவு ரயில் ஏறினால் அது பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த் வரைதான். அங்கிருந்து ஃபெரியில் தீவில் உள்ள ஜார்ஜ்டவுன் வர வேண்டும், ஆகவே இரவு வண்டியில் பெட்டியோடு வராதீர்கள். ரேபிட் பினாங்கு பஸ்ஸில் காசு கொடுத்து ஏறினால் டிரைவர் பாக்கி தரமாட்டார், சில்லறை வையுங்கள்.

அரிசி, பருப்பு, புளி, குக்கர் எதையும் சுமந்து வர வேண்டாம். ஜார்ஜ்டவுனில் லெபோ பாசார் தெருப் பக்கம் எல்லாம் கிடைக்கும். பெட்டியில் இடம் இருந்தால் அடாப்டர் வையுங்கள். இங்கே சுவரில் இருப்பது சதுரக் கால் மூன்று உள்ள பிளக். ஊர் உருண்டைக் கால் அதில் நுழையாது.

சைவப் பிள்ளைகள் கவனிக்க: “சாயூர்” என்றால் காய்கறி என்றுதான் பொருள். அதில் பெலாச்சான், அதாவது இறால் விழுது, சேர்த்து வதக்கியிருக்கலாம். சம்பால் எனும் மிளகாய் விழுதில் நெத்திலி இருக்கலாம். பெலாச்சான் இருக்கிறதா என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

இன்னொன்று. கல்லூரி மாறுவதோ பாதியில் ஊர் திரும்புவதோ என்றால் சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். பழைய பாஸ் முறையாக ரத்தாகாமல் புதுக் கல்லூரியின் விண்ணப்பம் நகராது. ரத்துக்குக் கல்லூரிக் கடிதமும், ஊர் திரும்புவதானால் விமான டிக்கெட்டும் கேட்பார்கள். அதற்கான நாட்களை விட்டு டிக்கெட் போடுங்கள்.