பழைய வீட்டைப் பழுதுபார்த்தவர்கள் சொல்லுங்கள்: ஆள் எங்கே கிடைத்தார், சுண்ணாம்பு எப்படிச் சேர்த்தீர்கள்?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

எங்கள் வீடு ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. முன்பக்கம் தார்சா என்கிற திண்ணைக் கூடம், பட்டாசல் என்கிற நடுக்கூடம், முற்றம், அதைத் தாண்டி அடுக்களைக் கட்டு, மேலே ஒரு மச்சு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஏறி, தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. வடிந்த பிறகு வீட்டின் இரண்டு பாதியும் இரண்டு விதமாக நடந்துகொண்டன. முன்கட்டில் பழைய சுண்ணாம்புப் பூச்சு அப்படியே இருந்தது; அந்தச் சுவர் பங்குனி வெயிலில் காய்ந்துவிட்டது. அடுக்களைச் சுவரில் சித்தப்பா காலத்தில் சிமெண்ட் பூசி பெயிண்டும் அடித்திருந்தார்கள். அது ஆடி வந்தும் காயவில்லை. பெயிண்ட் கொப்புளித்து, உப்பு பூத்து, கை வைத்தால் மாவாக உதிர்ந்தது.

கேட்டவர்கள் எல்லாரும் வாட்டர்ப்ரூஃப் அடிக்கச் சொன்னார்கள். டவுனிலிருந்து வந்த ஒரு காண்ட்ராக்டர், அந்த அடுக்களைப் பகுதியையே இடித்துவிட்டுக் கான்கிரீட் போடுவதுதான் லாபம் என்றார். எனக்கு வழி சொன்னவர் ஒரு வயதான கொத்தனார். அவரைக் கண்டுபிடித்தது கோயில் திருப்பணி நடந்த இடத்தில். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் வேண்டுமென்றால் சிமெண்ட் கடையில் விசாரிக்காதீர்கள். பழைய மண்டபத்துக்கும் மதிலுக்கும் காரை, அதாவது சுண்ணாம்புச் சாந்து, அரைக்கிறவர்கள் திருப்பணி நடக்கும் கோயிலில்தான் இருப்பார்கள். ஒருவரைப் பிடித்தால் அவர் வழியாக இன்னும் நாலு பேர் கிடைப்பார்கள்.

சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: “தம்பி, செவுரு தண்ணி குடிச்சிருக்கு. அது வெளிய போவ வழிய விடணும்லா? நீங்க மேல மேல மூடுதியளே.”

சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு இறுக்கமானது. ஈரம் அதைத் தாண்ட முடியாமல் செங்கல்லிலேயே தங்கும், இல்லையென்றால் சுவரில் மேலே ஏறும். ஈரத்தோடு வந்த உப்பு உள்ளே படிந்து பெருத்துச் செங்கல்லையே உடைக்கும். அதனால் சிமெண்ட் முழுவதையும் உளியால் மெதுவாகக் கொத்தி எடுத்தோம். உப்பைக் கழுவாமல் காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டினோம். கழுவினால் மறுபடி உள்ளே போய்விடும். வெறும் செங்கல்லாகவே நெடுநாள் காயவிட்டு, அப்புறம்தான் பூச்சு.

சுண்ணாம்பைப் பொடியாக வாங்காமல் சுட்ட கல்லாக வாங்கித் தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்றினோம். அது கொதிக்கும், தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. பிள்ளைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. சலித்து, தண்ணீருக்கு அடியிலேயே பல வாரம் கிடக்கவேண்டும். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு வெண்ணெயாக வரும். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் போட்டோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்தார்கள். அது காரைக்கு இளக்கம் தரும், இறுகுவதைத் தாமதப்படுத்தும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகிறது. அவசரமாகக் காயவிட்டால் பூச்சில் விரிசல் விடும். ஈரச் சாக்கு தொங்கவிட்டுப் பதமாக வைத்திருந்தோம். பூச்சு கனமாக ஒரே தடவையில் கூடாது. மெல்லிசாக அடுக்கடுக்காகப் போடவேண்டும்.

இனி மட்டப்பா, அதாவது மொட்டை மாடித் தளம். தேக்குக் கட்டைகள் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகக் கோணலாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மரக்கட்டையால் அடித்து அடித்து இறுக்கி, மேலே தட்டை ஓடு பதிப்பது. ஒழுகினால் நம் ஊரில் உடனே மேலே ஒரு பட்டை சிமெண்ட் போடுகிறார்கள். அந்தக் கனம் முழுவதும் அடியிலிருக்கும் கட்டைகள் மேல்தான் இறங்குகிறது. ஒழுக்கு எதனால் என்று பார்க்காமல் எடையை ஏற்றுவது வீட்டுக்குச் செய்கிற பெரிய கெடுதல். முதலில் கட்டை சுவருக்குள் போகும் முனையைப் பாருங்கள். மக்குவது அங்கே ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் கட்டைகளின் நடுப்பகுதி எல்லாம் இரும்பு மாதிரி இருந்தது, முனைகளில் மட்டும் ஸ்க்ரூடிரைவர் இறங்கியது.

நம் வீட்டு மட்டப்பாவுக்கு இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. ஐஎஸ் 2119 என்ற எண், 1980 பதிப்பு, ‘மெட்ராஸ் டெரஸ்’ தளம் போடும் முறைக்கானது. சுண்ணாம்பின் வகைகளுக்கு ஐஎஸ் 712. இரண்டையும் அச்செடுத்து என்ஜினீயர் கையில் கொடுத்தேன். “இதுக்கெல்லாம் முறை கிடையாது சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதைப் படித்த பிறகு கொத்தனாரிடம் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.

சேரன்மகாதேவியிலிருந்து:

எனக்கு ஆளும் சாமானும் கிடைத்தன, அனுமதிதான் இழுத்தது. எங்கள் வீடு பக்தவத்சலர் கோயிலுக்குப் பக்கம். அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில். 2010 திருத்தச் சட்டப்படி அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. அக்கம்பக்கத்தில் பலர் இதைக் கேட்டதும் ஓட்டைக்கூட மாற்ற முடியாது என்று பயந்து வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டார்கள். அது சரியில்லை. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டை 100 மீட்டருக்குள்ளும் பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம். முன் அனுமதி வாங்கவேண்டும், அவ்வளவுதான். வீடு பழையது என்று காட்ட மூலப்பத்திரம், பழைய வீட்டு வரி ரசீது எல்லாம் உதவும். நான் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து, எது இடியாது, எது மட்டும் மாறும் என்று எழுதிச் சேர்த்தேன். பங்காளிகள் பேர் பத்திரத்தில் இருந்தால் கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். எங்கள் காகிதம் அதனால்தான் அதிகம் காத்திருந்தது.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து:

அண்ணாச்சி சொன்ன கட்டை முனை விஷயம் உண்மை. எங்களுடையது ஓட்டு வீடு, பனங்கை (பனைமரச் சட்டம்) போட்டது. சுவருக்குள் போகும் முனையில்தான் கரையான். ஆசாரி அந்த நீளத்தை மட்டும் வெட்டி, இடிப்புச் சாமான் கடையில் பார்த்து வாங்கிய வைரம் பாய்ந்த பழைய பனையைப் பொருத்தி, முந்திரிக்கொட்டையின் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசினார். கையில் பட்டால் புண்ணாகிவிடும், கையுறை கட்டாயம். சீமை ஓடு மாற்றுகிறவர்கள் ஒரு பழைய ஓட்டைக் கையோடு எடுத்துப்போங்கள். அடியில் கம்பெனி பெயர் அச்சாகியிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பள்ளம் மாறும், வேறு ஓடு பக்கத்தில் உட்காராது.

மறுபடியும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

தம்பி, அந்த எண்ணெயை எங்கள் ஆசாரியிடமும் சொல்லிவிட்டேன். தனியாக மெசேஜில் கேட்டவர்களுக்கு: பழைய கட்டடங்களைக் காப்பதற்காக 1984-இல் தொடங்கிய இன்டாக் அமைப்புக்கு எழுதுங்கள், பாரம்பரியக் கட்டட வேலை தெரிந்த ஆர்க்கிடெக்ட்டுகளைப் பற்றிக் கேட்கலாம். சென்னைப் பக்கம் போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவைப் பாருங்கள். பல ஊர்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். ஒரு வீட்டைப் பிரித்துச் சேர்க்க முடியும் என்று கண்ணால் பார்த்தால், வீட்டிலுள்ள பெரியவர்களும் இடிக்கச் சொல்லமாட்டார்கள். என் மாமா அப்படித்தான் மனம் மாறினார்.

தரை ரெட் ஆக்சைடு என்றால் ஆசிட் ஊற்றாதீர்கள், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

வடகிழக்குப் பருவமழையில் சுண்ணாம்பு வேலை வைக்காதீர்கள். தை முடிந்ததும் அடுக்களைக் கட்டின் மட்டப்பாவைப் பிரிக்கிறோம். ஜல்லி அடிக்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செய்யும் வேலை அது. பார்த்துக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் வரலாம், உங்கள் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.