1809 பாளையங்கோட்டை நில அளவை ஓவியம்: கருவிகள் சரியா?

பொருநைக்கரை:
பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிச் சுவரில், 10 அடிக்கு 6 அடி ஓவியம். 1809-ல், தென்னிந்தியாவை முக்கோணங்களாக்கி நில அளவை செய்த வில்லியம் லாம்டன் குழு இங்கே பேஸ்லைன் (மற்ற தூரமெல்லாம் கணக்கிட அடிப்படையாக, நேரடியாக அளக்கும் நேர்கோடு) அளந்த காட்சி. நடுவில் பெரிய தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி), தரையில் சங்கிலி இழுக்கும் இருவர், பின்னால் ஆற்றுப்பாலம் என்று பென்சில் கோடு போட்டாச்சு. தப்பு இருந்தால் சொல்லுங்க அண்ணாச்சிமாரே.

எல்லைக்கல்:
தரையில் இழுக்கும் சங்கிலியை அழிச்சிருங்க. அது வயல் அளக்கிற 66 அடி குண்டர் (Gunter) சங்கிலி, 100 கண்ணி. பேஸ்லைனுக்கு வந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. 40 கண்ணி, கண்ணிக்கு இரண்டரை அடி. அது மண்ணில் படவே படாது. 20 அடி நீள மரத்தொட்டி ஐந்தை முக்காலிகள்மேல் வரிசையாக ஏற்றி, திருகைத் திருகி மட்டம் பார்த்து, உள்ளே கிடத்துவார்கள். தொட்டிக்குத் தொட்டி வெப்பமானி, மேலே நிழலுக்குக் கூடாரம்.

எஃகு சூட்டில் நீளும் என்பதால்தான் இத்தனை பாடு. 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் 100 அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர். 1802-ல் பரங்கிமலையில் அளந்த பேஸ்லைன் ஏழரை மைல். சங்கிலியை 400 தடவை எடுத்து வைக்கணும். கணக்கில் திருத்தாவிட்டால் 1.4 மீட்டர் பிசகும். பேஸ்லைனை ஒரு பக்கமாக வைத்து, கோணம் பார்த்து, அடுத்தடுத்த முக்கோணங்களின் பக்கங்களைக் கணக்கிடுவதால், அந்தப் பிசகு ஒவ்வொன்றிலும் ஏறும். அதனால் வெப்பமானியைக் குனிந்து படிக்கிறவரை முன்னால் வையுங்க.

கோணமானி:
தியோடலைட்டை நடுவில் வைக்காதீங்க. சங்கிலி வேலை நடக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை. கோட்டின் இரு முனையிலும், குன்று, கோபுர உச்சியிலும்தான். கோணம் குறித்த அதன் வட்டம் 36 அங்குலம், எடை கிட்டத்தட்ட அரை டன். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதிச் சேதமானது இதே கருவிதான். வேணும்னா தூரத்தில், கோட்டு முனையில், தனிக் கூடாரத்துக்குள் காட்டலாம். குறி பார்க்கக் கொடிக்கம்பம் போதும்; வெயிலைத் திருப்பும் கண்ணாடிக்கருவி எல்லாம் லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்துச் சமாச்சாரம்.

உடைமரம்:
பாலத்தையும் எடுத்திருங்க. சுலோசன முதலியார் பாலம் திறந்தது 1843-ல். சீமைக்கருவேலமும் வேண்டாம், அது வெகுகாலம் கழித்து வந்தது. பனையும், தலை தட்டையான நம்ம உடைமரமும் போடுங்க. காலை வெளிச்சம் என்றால் மேற்கே மலை தெளிவாத் தெரியணும். உச்சி வெயில் என்றால் மங்கலாக்குங்க.

ஆட்களுக்கு, தாமஸ் ஹிக்கி 1816-ல் வரைந்த, நில அளவைத் தலைவர் காலின் மெக்கன்சி படத்தைப் பாருங்க. துரையோடு இந்திய உதவியாளர் மூவரும் முகம் தெரிய நிற்கிறார்கள், ஒருவர் கையில் தொலைநோக்கி. உங்கள் கலாசிகளுக்கும் (அளவைக் குழுவின் கூலியாட்கள்) முகம் வேணும். தொட்டி தூக்குவது, முக்காலியை நகர்த்துவது, கொடி பிடிப்பது எல்லாம் அவர்கள்தான்.

பொருநைக்கரை:
பாலம், தரைச் சங்கிலி இரண்டையும் அழிச்சாச்சு. தொட்டி வரிசையை இடமிருந்து வலமாக முழு 10 அடிக்கும் இழுக்கப் போறேன்.

எல்லைக்கல்:
காலை வெளிச்சம் என்றால் கூடாரத்தைக் கிழக்குப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ச்சு வரைங்க. கூடார நிழல் ஐந்து தொட்டியையும் மூடணும். ஒன்று வெயிலில் நின்றாலும் வெப்பமானிகள் ஒத்துவராது.