விபிஎன் செர்டிபிகேட் விஷயத்துல நீங்க நேர்ல பாத்த கோளாறு என்ன?

மக்களே, நானே ஆரம்பிக்கிறேன். நண்பர் ஒருத்தருக்கு ஆபீஸ்ல குடுத்த ஓபன்விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்கு பாதுகாப்பா கனெக்ட் பண்ற விபிஎன் சாஃப்ட்வேர்) அடிக்கடி கட் ஆகுது, கொஞ்சம் பாருங்களேன்னு லேப்டாப்ப கொண்டு வந்தார். கட் ஆனதுக்கு காரணம் அவர் வீட்டு வைஃபை தான், ஆனா லாக்ல வேற ஒரு வார்னிங் இருந்துச்சு, சர்வர் செர்டிபிகேட்ட, அதாவது சர்வரோட டிஜிட்டல் அடையாள அட்டைய, சரிபாக்க எந்த ஏற்பாடும் போடலைன்னு. ஏஇஎஸ்-256 என்கிரிப்ஷன் எல்லாம் பக்காவா இருக்கு, ஆனா எதிர்ல இருக்கிறது ஆபீஸ் சர்வர் தானான்னு கிளையன்ட் (லேப்டாப்ல ஓடுற விபிஎன் சாஃப்ட்வேர்) கேக்கவே இல்ல, அந்த கம்பெனி சிஏ (செர்டிபிகேட்ல கையெழுத்து போட்டு குடுக்குற அமைப்பு) கையெழுத்து போட்ட எந்த செர்டிபிகேட்ட காட்டினாலும் சரின்னு உள்ள விட்டுடும்.

இதுல என்ன ஆபத்துன்னா, அதே சிஏ தான் ஒவ்வொரு ஊழியருக்கும் செர்டிபிகேட் குடுத்திருக்கு. அப்போ அங்க வேலை பாக்குற, ஏன் வேலைய விட்டு போன யாராவது ஒருத்தர் கூட தன்னோட செர்டிபிகேட்டையே வச்சு போலி சர்வர் ஓட்டலாம், ஒரே வைஃபைல உக்காந்து டிஎன்எஸ்ஸ (சர்வர் பேர அட்ரஸா மாத்தி குடுக்குறது) தன் பக்கம் திருப்பி விட்டா போதும், யூசர்நேம் பாஸ்வேர்ட் நேரா அவர் கைக்கு போயிடும். கூடுதல் பாதுகாப்புக்கு டிஎல்எஸ்-ஆத்னு ஒரு ரகசிய கீ இருக்கேன்னு சொல்லாதீங்க, அதுவும் எல்லாரோட விபிஎன் செட்டிங்ஸ் ஃபைல்லயும் ஒரே கீ தான். நான் வீட்ல தனியா ஒரு சிஏ உருவாக்கி இத செஞ்சு பாத்தேன், கிளையன்ட் ஒரு வார்த்தை முனகாம கனெக்ட் ஆச்சு, பாக்கவே வயித்த கலக்கிடுச்சு. ஃபைல்ல 'ரிமோட்-செர்ட்-டிஎல்எஸ் சர்வர்'னு ஒரே ஒரு வரி (சர்வருக்குன்னு குடுத்த செர்டிபிகேட் மட்டும் தான் செல்லும்னு அர்த்தம்) சேர்த்ததும் அதே போலி சர்வர தூக்கி எறிஞ்சிடுச்சு. அந்த ஆபீஸ் ஐடி டீமுக்கு நண்பர் மூலமா எழுதி அனுப்பினோம், எல்லாருக்கும் புது ஃபைல் குடுக்கணுமேன்னு ரொம்ப நாள் இழுத்துட்டு தான் மாத்தினாங்க.

பெரிய சர்வீஸ்லயும் செர்டிபிகேட் சிக்கல் வந்திருக்கு. 2021ல உக்ரைன்ல விண்ட்ஸ்க்ரைப்ங்கிற விபிஎன் கம்பெனியோட சர்வர் ரெண்ட அதிகாரிங்க பறிமுதல் பண்ணினப்போ டிஸ்க் என்கிரிப்ட் ஆகல, ஓபன்விபிஎன் சர்வர் செர்டிபிகேட்டும் அதோட ப்ரைவேட் கீயும் (நான்தான் அந்த சர்வர்னு நிரூபிக்கிற ரகசிய கீ) அப்படியே அதுல இருந்துச்சு, கம்பெனியே வெளிப்படையா சொன்னாங்க.

பதில்:
அண்ணா, நான் பாத்தது எல்2டிபி, அது பழைய விபிஎன் முறை. காசு கட்டி வாங்குன சர்வீஸ், செட்டப் பக்கத்துல ப்ரீ-ஷேர்ட் கீய (செர்டிபிகேட்டுக்கு பதிலா ரெண்டு பக்கமும் முன்னாடியே வச்சிருக்குற ரகசிய கீ) எல்லாரும் பாக்குற மாதிரி போட்டிருந்தாங்க, எல்லா கஸ்டமருக்கும் அதே கீ. அது தெரிஞ்சவன் நடுவுல உக்காந்து நான்தான் சர்வர்னு நடிக்கலாம். உள்ள லாகின் வேற எம்எஸ்-சாப் வி2ங்கிற பழைய பாஸ்வேர்ட் சரிபாக்குற முறை, அத உடைக்கிறது டெஸ்ங்கிற பழைய, பலவீனமான என்கிரிப்ஷனோட ஒரே ஒரு கீய தேடுற வேலை தான்னு 2012லயே பாதுகாப்பு ஆய்வாளர்கள் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் செஞ்சே காட்டிட்டாங்க. சப்போர்ட்ல கேட்டா "கீ பொதுவானது தான், கவலை வேண்டாம்"னு பதில், அது தான் கவலையேன்னு திருப்பி எழுதினேன், அப்புறம் சத்தமே இல்ல. அதே அக்கவுண்ட்ல வயர்கார்ட்ங்கிற புது விபிஎன் முறையும் இருந்துச்சு, அதுக்கு மாறிட்டேன். உங்க ஃபோன்ல பழைய எல்2டிபி ப்ரொஃபைல் இருந்தா இன்னிக்கே டெலிட் பண்ணிடுங்க, பாஸ்வேர்டையும் மாத்திடுங்க.