80 மீட்டர் ஒயர் இழுத்தா கிளாஸ் டி ஆம்ப் கட் ஆகுது, உதவி தேவை

புதுசவுண்டு:
அவசரம். கிளாஸ் டி போர்டு (வேகமா ஆன்-ஆஃப் ஆகி ஓடுற ஆம்ப்), ரெண்டு ஸ்பீக்கர். பக்கத்துல வச்சா நல்லா பாடுது. 80 மீட்டர் ஒயர் இழுத்துக் குடுத்தா பாட்டு போட்ட உடனே கட், தானா வருது, திரும்ப கட். மைக்ல பேசினா மட்டும் கட் ஆகல. நாளைக்கு வேணும்.

ஓம்விதி:
எந்த போர்டு? சப்ளை எத்தனை வோல்ட்? ஸ்பீக்கர் 4 ஓமா 8 ஓமா? ஒயர் எத்தனை ஸ்கொயர் (சதுர மி.மீ.), எத்தனை கோர் (உள்ள எத்தனை தனிக் கம்பி)?

கேபிள்ராசா:
கேபிள் கெப்பாசிட்டன்ஸ்தான், வேற ஒண்ணும் இல்ல. நீள ஒயர்ல ஸ்விட்சிங் அலை ஏறி சிப்பைக் கட் பண்ணும். சீரிஸ்ல காயில் போடுங்க.

பழையகை:
மாடல், ஓம், ஒயர் தடிமன் மூன்றும் எழுதாமல் கேள்வி போடாதீர்கள் என்று இங்கே எத்தனை முறை சொல்வது? ராசா, நீங்களும் கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்றாலும் 80 மீட்டருக்கு 8 நானோஃபாரட்தான். அந்த ஸ்விட்சிங் அலையை வடிகட்டும் அவுட்புட் ஃபில்டரில் ஏற்கெனவே 680 நானோ அளவில் கெப்பாசிட்டர் இருக்கும். ஃபில்டர் காயிலே இல்லாத குட்டி போர்டு என்றால் மட்டும் உங்கள் பேச்சு எடுபடும்.

புதுசவுண்டு:
சிப்பு டிபிஏ3116, ஃபில்டர் காயில் இருக்கு. 24 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். ஒயர் 0.75 ஸ்கொயர் 3 கோர்.

டெக்ராஜ்:
சப்ளை பத்தல. பாட்டுல பேஸ் வரும்போது வோல்ட் சரியுது. மைக்ல பேஸ் இல்ல, அதான் ஓடுது.

ஓம்விதி:
அப்படின்னா பக்கத்துல வச்சப்பவும் கட் ஆகணுமே. நீள ஒயரோட ரெசிஸ்டன்ஸ் சேர்ந்தா ஆம்புக்கு லோடு குறையத்தான் செய்யும்.

புதுசவுண்டு, 3 கோர்னா ரெண்டு ஸ்பீக்கரோட மைனஸையும் ஒரே கோர்ல சேர்த்துட்டீங்களா? இந்த சிப்புல மைனஸ் கிரவுண்டு கிடையாது. ப்ளஸ், மைனஸ் ரெண்டுமே சிக்னல் ஓடுற அவுட்புட். சும்மா இருக்கும்போது கிரவுண்டுக்கு அளந்தா பொதுவா ரெண்டுலயும் 12 வோல்ட் கிட்ட காட்டும். மைக் மோனோ, ரெண்டு மைனஸும் ஒண்ணாவே ஏறி இறங்கும், சேர்த்திருந்தாலும் கரண்ட் பாயாது. பாட்டு ஸ்டீரியோ. இடதும் வலதும் மாறின கணத்துல ஒரு அவுட்புட் இன்னொண்ணை ஷார்ட் பண்ணுது, புரொடெக்‌ஷன் வெட்டுது.

சப்ளையை ஆஃப் பண்ணி, போர்டுலேர்ந்து ஒயரைக் கழட்டுங்க. ரெண்டு ஸ்பீக்கரையும் கழட்டிட்டு, போர்டுக்குப் போற ரெண்டு மைனஸ் முனைக்கும் நடுவுல மீட்டரை பஸ்ஸர் மோடுல வைங்க. பஸ்ஸர் அடிச்சா அதுதான் கோளாறு. எர்த்துக்கும் ஒருமுறை பாருங்க, அங்கயும் அடிக்கக் கூடாது.

டெக்ராஜ்:
அப்ப இன்புட்டை மோனோ ஆக்கிட்டா முடிஞ்சுதே?

ஓம்விதி:
ஓடும், ஆனா வேண்டாம். ஒரு பக்க ஜாக் லூஸானாலே ஷார்ட். நாளைக்கு வேற ஒயர் கிடைக்கலன்னா ரெண்டு ஸ்பீக்கரையும் அந்த முனையில சீரிஸ் பண்ணி ஒரே சேனல்ல குடுங்க. மூணாவது கோரை மைனஸ் கோரோட ரெண்டு முனையிலயும் சேர்த்துடுங்க. ஒரு கோர் 2 ஓம், சேர்த்தது 1 ஓம்; ஒயர் 3 ஓம், ஸ்பீக்கர் 8 ஓம். இடது வலதை ஆளுக்கு 1 கிலோ ஓம் வழியா இன்புட்ல கலக்கணும், நேரா முறுக்கி இணைக்காதீங்க. ஸ்பீக்கர் ரெண்டும் ஒரே மாடலா இருக்கணும்.

கேபிள்ராசா:
இத்தனை பாடு எதுக்கு? 100 வோல்ட் லைன் போடுங்க, அதாவது டிரான்ஸ்ஃபார்மர்ல வோல்ட்டை ஏத்தி அனுப்பி ஸ்பீக்கர் கிட்ட இன்னொண்ணுல இறக்குங்க. ஸ்பீக்கர் டிரான்ஸ்ஃபார்மரோட 20 வாட் டேப் (முனை) 500 ஓம், ஒயரோட 4 ஓம் கணக்குலயே வராது.

பழையகை:
கணக்கு சரி. ஆனால் இந்த போர்டில் ஸ்டெப்‌அப் டிரான்ஸ்ஃபார்மரை அப்படியே கோத்தால் கீழ் சுருதியில் அதன் இரும்புக் கோர் சாச்சுரேட் ஆகும், அதற்கு மேல் காந்தம் ஏற்காது. அப்போது போர்டு பக்கச் சுருளான பிரைமரி வெறும் செப்புக் கம்பி, திரும்பவும் கட். இன்புட்டிலேயே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியாக வேண்டும்.

கேபிள்ராசா:
வெட்டினா என்ன? அறிவிப்புக்கு அதுக்குக் கீழ எதுவும் தேவையில்ல.

பழையகை:
அவர் கேட்டது பாட்டுக்கு. சின்ன லைன் டிரான்ஸ்ஃபார்மரில் பேஸ் எங்கே போகிறது என்று ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள்.

கேபிள்ராசா:
பெரிய கோர் வாங்கினா பேஸும் வரும். எல்லா டிரான்ஸ்ஃபார்மரையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

புதுசவுண்டு:
பஸ்ஸர் அடிச்சுது. சீரிஸ் பண்ணிட்டேன், கட் ஆகல. சத்தம் கொஞ்சம் கம்மி. நன்றி.

ஓம்விதி:
கம்மியாத்தான் இருக்கும். பிறகு ஸ்டீரியோ வேணும்னா சேனலுக்கு ஒரு 2 கோர், 2.5 ஸ்கொயர் செம்பு இழுங்க. போக வர 1.2 ஓம், இழப்பு 2.3 டெசிபெல். இதே 0.75ஐ தனித்தனியா இழுத்தா 4 ஓம், இழப்பு 6 டெசிபெல். அலுமினியத்து மேல செம்பு பூசின ஒயரா இருந்தா இந்தக் கணக்கு செல்லாது, முனையைச் சுரண்டிப் பாத்து வாங்குங்க.