படகுப் பற்றரியின் ஆயுள்: அனுபவமுள்ளோரின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணக் கடனீரேரியில் இரவில் மீன்பிடித் தொழிலுக்குச் செல்லும் எங்கள் படகில், விளக்குக்கும் ஜீபீஎஸ் கருவிக்குமாக 12 வோல்ற் ஈய அமிலப் பற்றரி ஒன்றைப் பயன்படுத்துகிறோம். முழுமையாக ஏற்றியபின் 12.6 வோல்ற் காட்டும் அந்தப் பற்றரி, அண்மைக் காலமாக நள்ளிரவுக்கு முன்பே, விளக்கை அணைத்துச் சிறிது நேரம் ஆறவிட்டு அளந்தாலும், 12 வோல்ற்றுக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

கனடாவின் குளிர்ந்த ஏரிகளில் மீன்பிடிக்கும் என் மச்சான், 0 பாகை செல்சியஸில் இத்தகைய பற்றரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை இழந்தாலும் சூடேறியதும் அதை மீளப் பெறும் என்றும், மின்னேற்றம் தீர்ந்த நிலையில் உறைபனியில் விட்டால் உள்ளிருக்கும் அமிலநீர் உறைந்து பெட்டியே வெடித்துவிடும் என்றும் கூறுகிறார். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பதால், நம் வெயில்தான் பெரிய எதிரி என்று நினைக்கிறேன். அரைகுறையாக ஏற்றி வைப்பதால் தகடுகளில் சல்பேற் படிவதும் காரணமாகலாம்.

ஆழ்மின்னிறக்கப் பற்றரிக்கு (மின்னேற்றத்தின் பெரும்பகுதியை அடிக்கடி இறக்கினாலும் தாங்கும் வகைக்கு) மாறுவதா, விலை கூடினாலும் லிதியம் இரும்புப் பொஸ்பேற் வகையை வாங்குவதா? உப்புக்காற்றில் அதன் கட்டுப்பாட்டுச் சுற்று தாக்குப்பிடிக்குமா? வாடைக்காற்றில் படகு கரையில் கிடக்கும் நாட்களில் சிறிய சூரியத் தகட்டால் ஏற்றிவைப்போர் இருந்தால், எத்தனை வாற்று தகடு போதுமென்பதையும் தயவுசெய்து அறியத்தாருங்கள்.