உதவி தேவை: வீட்டில் கிறிஸ்மஸ் மரம் வைக்க அப்பா மறுக்கும் பழைய அமெரிக்க டிவி படம், கடைசியில் பட்டம் விடுவார்கள். பெயர் தெரியுமா?

கொன்றைவீடு:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஓஹாயோவில் இருக்கிறோம். பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும் அமெரிக்க அம்மா ஒருவருக்காக இதைக் கேட்கிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எனக்குக் குழந்தை பிறந்த சமயத்தில் ஊரிலிருந்து யாரும் வர முடியாமல் போக, ரசம் வைக்கக்கூடக் கற்றுக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டவர் அவர். சின்ன வயதில் டிவியில் பார்த்த கிறிஸ்மஸ் படம் ஒன்றை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசைப்படுகிறார். பெயர் மட்டும் நினைவில்லை.

அவர் சொன்னவை இவை. கண்ணாடி போட்ட ஒரு சிறுமி. அம்மா இல்லை. கூடவே ஒரு பாட்டி. அப்பா கடுகடுப்பானவர், வீட்டுக்குள் கிறிஸ்மஸ் மரமே கூடாது என்கிறார். அந்தச் சிறுமி யாருக்கோ ஒரு மரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். ஒரு நாய் வரும். கடைசியில் வெட்டவெளியில் பட்டம் விடுவார்கள். தியேட்டருக்கு வந்த படம் இல்லை, டிவியில் மட்டும் வந்தது. ஆண்டு 1970க்கு முன்பின் இருக்கலாம்.

சிறுமி, மரம், பட்டம் என்று எப்படிச் சேர்த்துத் தேடினாலும் சமீபத்துப் படங்கள்தான் வந்து குவிகின்றன. பழைய படங்கள் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். இந்த கிறிஸ்மஸுக்குள் எப்படியாவது அவருக்குக் காட்டிவிட வேண்டும்.

மதியக்காட்சி:

ஒருவேளை 1971ல் வந்த 'தி ஹோம்கமிங்' படமாக இருக்குமோ? 'வால்ட்டன்ஸ்' தொடருக்கு முன்னோடி அது. ஆனால் அதில் அம்மாதான் முக்கியமான பாத்திரம், பாட்ரீஷியா நீல் நடித்திருப்பார். கிறிஸ்மஸுக்கு முந்தின இரவு அப்பா வீடு வந்து சேரவில்லை என்று குடும்பமே தவிப்பதுதான் கதை. 1933, வர்ஜீனியா மலைப்பகுதி. அம்மா இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்னால் இதைத் தள்ளிவிடலாம்.

கொன்றைவீடு:

அம்மா இல்லை என்பதில் சந்தேகமே இல்லை என்கிறார். அந்த அப்பாவின் கோபத்துக்கே அதுதான் காரணமாம். அப்படியானால் இது இல்லை. நன்றிங்க.

டேப்பெட்டி:

அக்கா, கதையை விட்டுவிட்டு வேறு மூன்று விஷயம் அவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? ஒன்று, படம் கலரா, கறுப்பு வெள்ளையா. இரண்டு, பின்னணியில் கதை சொன்ன குரல் ஆணா, பெண்ணா. மூன்று, பார்க்க சினிமா மாதிரி இருந்ததா, டிவி நாடகம் மாதிரி இருந்ததா.

மூன்றாவதைத்தான் பலரும் கேட்க மாட்டார்கள், ஆனால் அதில்தான் பாதி விடை இருக்கும். அந்தக் காலத்தில் டிவிக்கென்று எடுத்தவற்றில் சில ஃபிலிமில் எடுத்தவை, சில நேரடியாக வீடியோ டேப்பில் எடுத்தவை. ஃபிலிம் என்றால் நொடிக்கு 24 படங்கள். அமெரிக்க வீடியோ என்றால் நொடிக்கு ஏறக்குறைய 60 அரைப்படங்கள், அதாவது ஒன்றுவிட்டு ஒரு கோடு மட்டும் உள்ள படங்கள். அதனால் டேப்பில் அசைவு வழுக்கிக்கொண்டு போகும், வெளிச்சம் தட்டையாக இருக்கும், பக்கத்து அறையில் நடப்பதைப் பார்ப்பது போலத் தோன்றும். கதை மறந்து போனவர்களுக்கும் இந்த வித்தியாசம் கண்ணில் தங்கியிருக்கும்.

கொன்றைவீடு:

கேட்டுவிட்டேன் தம்பி. கலரைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை, அவர்கள் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி.

குரல்தான் விசித்திரமாக இருக்கிறது. முதலில் வளர்ந்த ஒரு பெண், தன் சின்ன வயதைச் சொல்வது போல என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை, மெல்லிய, கீச்சென்ற ஒரு ஆண் குரல், அதைக் கேட்டு அண்ணன்மார் எல்லோரும் சிரித்தார்கள் என்றார்.

வீட்டுக்குள் அப்பாவும் மகளும் சண்டை போடும் இடம் நாடகம் மாதிரியாம். பட்டம் விடும் இடம் நிச்சயம் சினிமா மாதிரியாம். ஒரே படத்தில் இரண்டும் இருக்குமா?

டேப்பெட்டி:

விடை கிடைத்துவிட்டது அக்கா. அவர் தேடுவது ஒரு படம் இல்லை, இரண்டு. இரண்டும் அவர் நினைவில் ஒன்றாகிவிட்டன. அதனால்தான் எதைத் தேடினாலும் பொருந்தவில்லை.

முதலாவது 'தி ஹவுஸ் விதவுட் எ கிறிஸ்மஸ் ட்ரீ'. சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1972 டிசம்பர் 3 அன்று ஒளிபரப்பானது. இயக்கம் பால் போகார்ட். 1946ல் நெப்ராஸ்காவின் ஒரு சிற்றூரில் நடக்கிற கதை. அப்பாவாக ஜேசன் ரோபார்ட்ஸ், பாட்டியாக மில்ட்ரெட் நாட்விக், கண்ணாடி போட்ட அந்தப் பத்து வயதுச் சிறுமி ஆடியாக லிசா லூகாஸ். வளர்ந்து பெரியவளான ஆடிதான் கதை சொல்வாள். அவர் சொன்ன பெண் குரல் அதுதான். இது வீடியோ டேப்பில் எடுத்த படம்.

இரண்டாவது 'எ கிறிஸ்மஸ் மெமரி', 1966 டிசம்பரில் ஏபிசியில் வந்தது. ட்ரூமன் கபோட்டி தன் சிறுவயதை வைத்து எழுதிய சிறுகதை. ஒரு சிறுவனும், வயதான அவன் உறவுக்காரப் பெண்மணியும், குவீனி என்ற நாயும். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பழக் கேக் செய்து அனுப்புவார்கள். கையில் காசில்லாததால் ஒருவருக்கொருவர் பட்டம் செய்து பரிசளித்து, கிறிஸ்மஸ் அன்று வெட்டவெளியில் பறக்க விடுவார்கள். அலபாமாவிலேயே போய் ஃபிலிமில் எடுத்தார்கள். பின்னணியில் பேசியவர் கபோட்டியேதான். அந்தக் குரலை ஒரு முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அண்ணன்மார் சிரித்தது அதைக் கேட்டுத்தான்.

இவை இரண்டும் கலந்து போனதற்கு எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. எலினார் பெர்ரி என்பவர் இரண்டிலுமே எழுதியிருக்கிறார். 1966 படத்தைக் கபோட்டியோடு சேர்ந்து எழுதினார், 1972 படத்தை கெயில் ராக்கின் கதையிலிருந்து எழுதினார். இரண்டுக்குமே தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. வறுமையை அழுது காட்டாமல், பெரியவர்களின் மனக்காயத்தை ஒரு குழந்தையின் கண்ணால் காட்டும் அதே கை. எனக்கு மிகவும் பிடித்த திரைக்கதையாசிரியர்களில் ஒருவர் அவர். சின்ன வயதில் இரண்டையும் பார்த்தவருக்கு ஒரே வீட்டுக் கதையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

உறுதி செய்ய அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். சிறுமி காகிதத்தை வெட்டி ஒட்டிச் செய்த படங்கள் திரையில் வருமா, அதிலிருந்து காட்சி தொடங்குமா?

கொன்றைவீடு:

தம்பி, காகிதப் படம் என்று சொன்னதுமே கையைத் தட்டினார். பள்ளிக்கூடத்தில் அதே மாதிரி வெட்டி ஒட்டிப் பார்த்தாராம். வகுப்பில் எண்ணை ஊகிக்கும் போட்டியில் ஜெயித்துத்தான் அவளுக்கு அந்த மரம் கிடைத்தது, வீட்டுக்கு இழுத்து வந்ததும் அப்பா கத்தினார் என்று அடுக்கடுக்காக எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

இனி எங்கே கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். பெயரைப் போட்டால் புத்தகம்தான் வருகிறது, ஏதோ ஓபரா வேறு வருகிறது.

நூலகத்துப் பறவை:

அந்தப் புத்தகம் படத்துக்குப் பிறகு வந்தது, 1974ல். கெயில் ராக்கே எழுதியது. படம் முந்தி, புத்தகம் பிந்தி. ஓபரா 2017ல் ஹூஸ்டனில் அரங்கேறியது. இரண்டும் இதே பெயர் என்பதால் தேடலில் மேலே வந்து நிற்கும். பெயரோடு ரோபார்ட்ஸ் என்றும் 1972 என்றும் சேர்த்துத் தேடுங்கள், பாதி குழப்பம் தீரும்.

காசு கொடுத்து வாங்கும் முன் நூலகத்தைப் பாருங்கள். நான் நூலகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் சொல்கிறேன், இந்த மாதிரிப் படங்களுக்கு அமெரிக்காவில் அதைவிட நல்ல வழி இல்லை. இது டிவிடியாக வந்திருக்கிறது. வேர்ல்ட்கேட் தளத்தில் பெயரைப் போட்டு, வகையில் டிவிடி மட்டும் என்று தேர்ந்தெடுத்தால் எந்தெந்த நூலகத்தில் இருக்கிறது என்று காட்டும். உங்கள் ஊர் நூலகத்தில் இல்லாவிட்டால் இன்டர்லைப்ரரி லோன் என்று கேளுங்கள், வேறு ஊரிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். பல நூலகங்களில் இது இலவசம், சிலவற்றில் சின்னத் தொகை கேட்பார்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்மஸ் படங்களுக்கெல்லாம் வரிசை கட்டிவிடும், அதனால் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

கிடைக்கவில்லை என்றால் பழைய டிவிடி விற்பவர்களிடம் பார்க்கலாம். வட்டில் கீறல் உண்டா, அசல் வட்டா, வீட்டில் பதிவு செய்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அட்டை மட்டும் அழகாக அச்சடித்து உள்ளே டேப்பிலிருந்து எடுத்த பிரதியை வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

மதியக்காட்சி:

இதைப் படித்ததும் எனக்கும் பார்க்க ஆசை வந்துவிட்டது. நான் மதுரையில் இருக்கிறேன். அங்கிருந்து டிவிடி வரவழைத்தால் இங்கே ஓடுமா?

டேப்பெட்டி:

டிவிடிகளை உலகப் பகுதிவாரியாக, ரீஜன் என்ற எண் போட்டுப் பூட்டி விற்பார்கள். அமெரிக்க டிவிடி பெரும்பாலும் ரீஜன் 1, இந்தியா ரீஜன் 5. பிளேயர் ரீஜன் பூட்டு இல்லாததாக இருந்தால் ஓடும். என்டிஎஸ்சி (அமெரிக்க முறை), பால் (PAL, இந்திய முறை) என்ற வீடியோ வித்தியாசம் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம், இங்கே விற்கும் பிளேயரும் டிவியும் பொதுவாக இரண்டையும் ஏற்கும்.

இன்னொன்று, இது எல்லோருக்கும். கணினியில் பார்க்கிறீர்கள் என்றால் விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில், அரைப்படங்களைச் சேர்த்துக் காட்டும் டீஇன்டர்லேஸ் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆள் நடக்கும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழும். இணையத்தில் சிலர் ஏற்றியிருக்கும் பிரதிகளில் பாதி அரைப்படங்களைத் தூக்கிவிட்டிருப்பார்கள், அசைவு வெட்டி வெட்டிப் போகும். முகத்தை மெழுகாக்கி மெருகேற்றிய பிரதி கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள். ரோபார்ட்ஸ் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இடங்களில் அவர் முகத்தில்தான் முழுக் கதையும் ஓடுகிறது.

கொன்றைவீடு:

வேர்ல்ட்கேட்டில் இருந்தது! எங்கள் நூலகத்தில் கேட்டு வைத்துவிட்டேன், வேறு மாவட்டத்திலிருந்து வருகிறது. அக்காவுக்கு நன்றி.

இன்னும் ஒரு உதவி. அவருக்குக் காது சரியாகக் கேட்காது. டிவியில் எப்போதும் எழுத்துப் போட்டுத்தான் பார்ப்பார். பழைய டிவிடிகளில் அது வருமா?

நூலகத்துப் பறவை:

அட்டையின் பின்புறம் பாருங்கள். சப்டைட்டில் என்று போட்டிருந்தால் பிரச்சினை இல்லை, மெனுவில் போய்ப் போட்டுக்கொள்ளலாம். சிசி (க்ளோஸ்டு கேப்ஷன்) என்ற குறி மட்டும் இருந்தால் கவனம். அது பட சிக்னலுக்குள்ளேயே ஒளிந்து வரும் பழைய முறை, எச்டிஎம்ஐ கம்பி வழியாக டிவிக்குப் போகாது. பலர் வட்டில் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பிளேயரின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தால் அந்தக் கம்பியைப் போட்டு டிவியில் சிசியை இயக்குங்கள், வந்துவிடும். அல்லது வட்டை மடிக்கணினியில் போட்டு விஎல்சியின் சப்டைட்டில் பட்டியலில் க்ளோஸ்டு கேப்ஷன் என்பதைத் தேர்ந்தெடுத்து, கணினியை டிவியோடு இணைத்துவிடுங்கள்.

கொன்றைவீடு:

வட்டு வந்து, நேற்று இரவு அவர் வீட்டிலேயே போட்டுப் பார்த்தோம். மடிக்கணினி வழிதான் கைகொடுத்தது. ஆடி அந்த மரத்தைத் தன்னைவிட ஏழையான வகுப்புத் தோழி வீட்டில் கொண்டுபோய் வைக்கும் இடத்தில், பக்கத்தில் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். மரத்தின் உச்சியில் வைக்க, இறந்துபோன அம்மா தன் கையால் செய்த நட்சத்திரத்தை அப்பா எடுத்துத் தருகிறாரே, அந்த இடத்தில் நானும் அழுதுவிட்டேன்.

முடிந்ததும், சரி, என் பட்டம் எங்கே என்று கேட்கிறார். அதையும் தேடித் தர வேண்டும்.

டேப்பெட்டி:

ரொம்ப சந்தோஷம் அக்கா. பட்டப் படத்தைத் தேடும்போது ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். 1997ல் பேட்டி டியூக்கை வைத்து இதே பெயரில் டிவிக்கு மறுபடி எடுத்தார்கள், தேடலில் அதுவும் வரும். உங்களுக்கு வேண்டியது ஜெரால்டின் பேஜ் நடித்த 1966 படம், இயக்கியவர் ஃப்ராங்க் பெர்ரி. அது கலரில் எடுத்தது, ஆனால் கறுப்பு வெள்ளைப் பிரதிகளும் சுற்றுகின்றன. தனியாகக் கிடைக்காவிட்டால் 'ட்ரூமன் கபோட்டிஸ் ட்ரிலஜி' என்ற 1969 படத்தை நூலகத்தில் கேளுங்கள், இதையும் கபோட்டியின் இன்னும் இரண்டு கதைகளையும் சேர்த்துத் திரையரங்குக்குக் கொண்டுவந்தது அது.

ஆடியின் கதையும் அங்கேயே முடிந்துவிடவில்லை. 'தி தேங்ஸ்கிவிங் ட்ரெஷர்' 1973ல், 'தி ஈஸ்டர் ப்ராமிஸ்' 1975ல், 'ஆடி அண்ட் தி கிங் ஆஃப் ஹார்ட்ஸ்' 1976ல் வந்தன. மூன்றிலும் அதே அப்பா, அதே பாட்டி, அதே லிசா லூகாஸ், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வளர்ந்து வருவாள். முதலில் தேங்ஸ்கிவிங் படத்தைக் கேட்டு வையுங்கள்.