இடது பின் டயர் மட்டும் ஏன் இறங்குகிறது?

கோவை, கார்

ஆவணியில் நாலு டயரும் புதிதாக மாற்றினேன். மூன்றாவது வாரத்திலிருந்து இடது பின் டயர் மட்டும் தொந்தரவு. திங்கட்கிழமை காலை காற்று 33 பாயிண்ட் (psi) வைத்தால் சனிக்கிழமை 26. மற்ற மூன்றும் அசையாமல் நிற்கின்றன. ஓட்டையே இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பாயிண்ட் ரப்பர் வழியாகக் கசியத்தான் செய்யும். ஐந்து நாளில் ஏழு என்பது அந்தக் கணக்கில் வராது.

முதல் கடையில் சக்கரத்தைக் கழற்றவே இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, கையால் சுற்றிக்கொண்டே சோப்புத் தண்ணீர் அடித்தார்கள். டயர் பள்ளத்தில் ஒரு கூர்ங்கல் சிக்கியிருந்தது. "இதுதான் சார்" என்று குறடால் பிடுங்கி, நான் குனிந்து பார்ப்பதற்குள் அதே இடத்தில் ஊசியை ஏற்றி, ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் சொருகியாகிவிட்டது. 150 ரூபாய். கல்லைப் பிடுங்கியதும் காற்று வந்த சத்தம் ஏதும் கேட்கவில்லையே என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த சனிக்கிழமை மறுபடி 26.

இரண்டாவது கடைக்காரர் யோக்கியர். கழற்றித் தொட்டியில் அமுக்கி, நிதானமாகச் சுற்றிக் காட்டினார். ஒரு குமிழி இல்லை. "உங்க மீட்டர் தப்பு சார்" என்றார். பாதி நம்பியும் விட்டேன். ஆனால் அதே மீட்டர்தானே மற்ற மூன்றையும் சரியாகக் காட்டுகிறது?

மூன்றாவது, பைபாஸ் ஓரத்தில் ஒரு பெரியவரின் கடை. அவர் டயர் பக்கமே போகவில்லை. வால்வு மூடியைக் கழற்றி, விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்தார். எச்சில் அசையவில்லை, அப்படியென்றால் வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் ஊசி, அதாவது வால்வு பின், நன்றாக இருக்கிறது. பிறகு சக்கரத்தைத் தொட்டியில் இறக்கி, வால்வின் கழுத்தைக் கட்டைவிரலால் ஒரு பக்கமாகச் சாய்த்தார். அடியிலிருந்து கடுகு கடுகாகக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. விரலை எடுத்தார், நின்றுவிட்டது. மறுபடி சாய்த்தார், மறுபடி வந்தது. "நிக்கிறப்ப நேரா நிக்கும் தம்பி. ஓடுறப்ப வெளிப்பக்கமா சாயும், அப்ப வெடிப்பு வாயத் திறக்கும்" என்றார்.

விஷயம் இவ்வளவுதான்: டயரை மாற்றியவர்கள் ஏழு வருடப் பழைய ரப்பர் வால்வை அப்படியே விட்டிருக்கிறார்கள். புது வால்வு 80 ரூபாய். கையோடு அந்த ஸ்ட்ரிப்பையும் பிடுங்கிவிட்டு, அந்த ஊசி போட்ட ஓட்டைக்கு உள்பக்கமாக மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ரப்பர் அடைப்பு) போட்டுக் கொடுத்தார். ஐந்து வாரம் ஆகிறது, 32 காட்டுகிறது.

தூத்துக்குடி, கார்

எனக்கு வால்வும் இல்லை, ஆணியும் இல்லை. அலாய் வீல். ரிம்மும் டயரும் சேரும் ஓரத்தில் சோப்பு நுரையைத் தடவிவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள் என்றார் கடைக்காரர். வந்து பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக நுரை புடைத்திருந்தது. கசிவு அவ்வளவு மெதுவு, உடனே பார்த்திருந்தால் தெரிந்தே இருக்காது. டயரைப் பிரித்ததும் ரிம் விளிம்பில் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளைப் பொடி. உப்புக் காற்று அலுமினியத்தை அரித்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்புப் பசை தடவி மாட்டினார். ஒன்றரை வருடம் தாங்கியது, இப்போது அடுத்த சக்கரம். கடற்கரை ஊரில் இரும்பு ரிம்மே போதும் என்று வாங்கும்போதே வீட்டில் சொன்னார்கள். இரும்பும் துருப்பிடிக்கும்தான், அதை நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.

ராமநாதபுரம், பைக்

நம்முடையது டியூப் வண்டி. ஒரே மாதத்தில் மூன்று பஞ்சர். இரண்டாவது முறை டியூபையே மாற்றினேன், அப்படியும் பத்து நாளில் இறங்கிப்போனது. பழைய டியூப், புது டியூப் இரண்டையும் வால்வுக்கு வால்வு சேர்த்துப் பிடித்துப் பார்த்தால் ஓட்டை ஒரே இடத்தில். அப்படியானால் எதிரி டயருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறான். விரலை விட்டுத் தடவினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. பழைய பனியன் துணியை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தேன், ஒரு இடத்தில் நூல் மாட்டியது. சீமைக்கருவேல முள்ளின் நுனி, எள்ளளவு. வெளியே தெரிந்த பகுதி எப்போதோ ஒடிந்து தேய்ந்துவிட்டது. உள்ளே நிற்கிற துண்டு, வண்டி ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் பக்கம் பஞ்சர் பார்ப்பவர்கள் துணி விடாமல் டியூபை மாட்டினால் நானே கேட்டு விடச் சொல்கிறேன்.

திருச்சி, சைக்கிள்

இதெல்லாம் படிக்கும்போது வால்வு டியூப்தான் ஞாபகம் வருகிறது. மெல்லிய ரப்பர் குழாய், ஒரு துண்டு வெட்டி எச்சில் தொட்டு ஏற்றுவோம். வெயிலில் இற்றுப்போய், காலையில் அடித்த காற்று பள்ளிக்கூடம் விடும்போது இருக்காது. பஞ்சர் என்று அப்பாவிடம் காசு வாங்கி, வால்வு டியூபை மட்டும் மாற்றிவிட்டு மீதிக்குத் தேன்மிட்டாய் தின்றவன் நான்.

ஈரோடு, கார்

மார்கழியில் எனக்கு நாலு டயருமே இறங்குகிறது. நாலிலும் ஓட்டையா? டயருக்குள் ஓட்டையை அடைக்கும் திரவம் ஊற்றிவிடலாமா என்று பார்க்கிறேன்.

கோவை, கார்

நாலும் சேர்ந்து சமமாக இறங்கினால் குளிர்தான். 10 டிகிரி குறைந்தால் ஒன்றரைப் பாயிண்ட் போல இறங்கும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பாருங்கள். ஓடி வந்த சூட்டில் பார்த்தால் மூன்று நாலு கூடக் காட்டி ஏமாற்றும். ஒருமுறை ஊட்டிக்குப் போனபோது, அந்தக் குளிருக்கு இறங்கியிருக்குமே என்று மறுநாள் காலை மீட்டர் வைத்தேன். கீழே வைத்த 33 அப்படியே இருந்தது. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் மீட்டர் இரண்டரை மூன்று கூடக் காட்டும். குளிர் அதே அளவு குறைத்துவிட்டது.

திரவம் வேண்டாம் என்பேன். நடுவழியில் ஆபத்துக்குச் சரி. மற்றபடி வால்வு பின்னில் பசையாக ஒட்டிக்கொள்ளும், பிறகு டயரைப் பிரிக்கிறவர் உங்களைத் திட்டுவார்.

அப்புறம், என் மற்ற மூன்று வால்வுக்கும் அதே ஏழு வயசுதான். அன்றைக்கு அவசரம் என்று மாற்றாமல் வந்துவிட்டேன். இன்று காலை முன் வலது 30 காட்டுகிறது, புதன்கிழமைதான் 33 வைத்தேன். ஞாயிறு பெரியவர் கடை உண்டா என்று போய்ப் பார்க்க வேண்டும்.